இல்லாத கருவியைக் கழற்றலாமா?

ஒரு கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தில் நடந்த நிகழ்ச்சி இது. கல்லூரியின் பெயர் நமக்கு வேண்டாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்களை ஏற்றுவதற்கு அன்று கடைசி நாள். மாலை நான்கு மணி. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் தம் மேசையில் அமர்ந்தபடியே, வலையமைப்பின் வழியாக மதிப்பெண் சர்வருக்குள் நுழைந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சர்வரின் திரை, அவருடைய சொந்தத் திரை முழுவதையும் மறைத்து நின்றது. வேலை முடிந்ததும் தம் பென் டிரைவைக் கழற்ற நினைத்தார். திரையின் வலது கீழ் மூலையில், 'வன்பொருளைப் பாதுகாப்பாக அகற்றுக' என்னும் பொருள்படும் சிறு படம் இருந்தது. அதைச் சுட்டினார். இரண்டு வரிகள் தோன்றின. முதல் வரியை அழுத்தினார். 'இக்கருவி பயன்பாட்டில் உள்ளது, இப்போது நிறுத்த இயலாது' என்று பதில் வந்தது. அப்படியானால் இரண்டாவதுதான் நம்முடையது என்று எண்ணி அதை அழுத்தினார்.

திரை உறைந்து நின்றது. அதே நொடியில் கல்லூரி முழுவதும் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்த ஆசிரியர்களின் திரைகளும் நின்றன.

அவர் கழற்றியது பென் டிரைவை அன்று. சர்வரின் நெட்வொர்க் அட்டையை! அவர் மூலையில் கண்ட சிறு படம் தம் கணிப்பொறிக்கு உரியது அன்று. தொலைவிலிருந்த சர்வருக்கு உரியது. இதில் வியப்பு என்னவென்றால், அப்படி ஓர் அட்டை உலகில் எங்குமே இல்லை. அந்தச் சர்வரும் தனிப் பெட்டியாக எங்கும் இல்லை. இல்லாத கணிப்பொறியிலிருந்து இல்லாத அட்டை கழற்றப்பட்டது. ஆனால் நின்றுபோன வேலை மட்டும் உண்மையானது.

மறுநாள் உதவியாளருக்குக் 'கவனக்குறைவு' என்று மெமோ கொடுத்தார்கள். அது முழுவதும் அவருடைய கவனக்குறைவுதானா என்று எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தின் விளைவே இக்கட்டுரை. நூல்களையும் திரைப்படங்களையும் நாம் விமர்சிக்கிறோம். ஒரு பொத்தானை ஏன் விமர்சிக்கக் கூடாது?

ஒரு வீட்டில் பல குடித்தனங்கள்

மெய்நிகர்ப் பொறி என்றால் என்ன என்பதை முதலில் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதை 'வர்ச்சுவல் மெஷின்' என்பார்கள். 'வர்ச்சுவல்' என்ற இதே சொல்லை இயற்பியல் மாணவர்கள் வேறோரிடத்தில் சந்தித்திருப்பீர்கள். சமதள ஆடியில் தோன்றும் பிம்பத்தை 'வர்ச்சுவல் இமேஜ்' என்றும், தமிழில் மாயபிம்பம் என்றும் படிக்கிறோம் அல்லவா? ஆடிக்குப் பின்னால் ஒளிக்கதிர்கள் செல்வதில்லை. ஆயினும் பொருள் அங்கே இருப்பது போலவே கண்ணுக்குத் தெரிகிறது. அதுபோலவே, பெரிய கணிப்பொறி ஒன்றில் ஓடும் ஒரு மென்பொருள், உள்ளே தனித்தனியாகப் பல கணிப்பொறிகள் இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு செயலி, நினைவகம், வட்டு, நெட்வொர்க் அட்டை இருப்பதாகவே நம்புகிறது. உண்மையில் இருப்பது ஒரே பெட்டி. அதை இங்கே தாய்ப்பொறி என்று அழைப்போம்.

ஒரே காம்பவுண்டில் பத்துக் குடித்தனங்கள் இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். கிணறு ஒன்று, மின் இணைப்பு ஒன்று, வாசல் ஒன்று. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கதவு எண் உண்டு.

இந்த எண்ணம் புதியது அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் அறிவியல் மையத்தில், 1967ஆம் ஆண்டிலேயே 'சிபி-40' என்ற அமைப்பு ஓடத் தொடங்கிவிட்டது. 1972இல் அதே நிறுவனம் 'விஎம்/370' என்ற பெயரில் இதைப் பொதுப் பயன்பாட்டுக்கு அறிவித்தது. 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர் இத்தகைய அமைப்புக்கு இருக்க வேண்டிய மூன்று பண்புகளை வரையறுத்தனர். முதலாவது, உள்ளே ஓடும் நிரல் உண்மைப் பொறியில் நடந்துகொள்வது போலவே இங்கும் நடந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, பெரும்பாலான கட்டளைகள் இடைத்தரகர் இன்றி நேரடியாகச் செயலியில் ஓட வேண்டும். மூன்றாவது, வளங்கள் அனைத்தின் மீதும் தாய்ப்பொறியின் மென்பொருளுக்கே முழு அதிகாரம் இருக்க வேண்டும். இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வழக்கின் தீர்ப்பு இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

மேசைக் கணிப்பொறிகளின் இனத்தைச் சேர்ந்த செயலிகளில் இந்த வித்தையை 1999இல் விஎம்வேர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் செயலியிலேயே இதற்கு வசதி செய்து கொடுத்தன. அதன் பிறகு இது எங்கும் பரவிவிட்டது.

உண்மைக் கருவியைக் கழற்றும் கலை

ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியிலிருந்து ஒரு கருவியைப் பிடுங்குவது எளிய செயல் அன்று. அதில் இயற்பியல் இருக்கிறது. யுஎஸ்பி செருகியின் உலோகத் தகடுகளை உற்றுப் பாருங்கள். ஓரங்களில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள இரண்டையும்விடச் சற்று நீளமானவை. ஓரத் தகடுகள் மின்சாரத்துக்கு உரியவை. நடுத் தகடுகள் செய்திக்கு உரியவை. செருகும்போது முதலில் மின்சாரம் இணைகிறது, பிறகுதான் செய்தி. கழற்றும்போது முதலில் செய்தி அறுபடுகிறது, கடைசியில்தான் மின்சாரம். மின்சாரம் நிலைபெறாத நேரத்தில் செய்திக் கம்பிகளில் தாறுமாறான குறிகள் ஓடுவதை இந்த ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு தடுத்துவிடுகிறது.

சர்வர்களில் பயன்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாயில் இதைவிட நுட்பமான ஏற்பாடு உண்டு. அட்டை இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டும் முனைகள் மற்றவற்றைவிடக் குட்டையானவை. அட்டையைக் கொஞ்சம் இழுத்த உடனேயே இவைதாம் முதலில் விடுபடுகின்றன. 'நான் போகப் போகிறேன்' என்ற செய்தி, போவதற்கு முன்பே சேர்ந்துவிடுகிறது.

அது மட்டும் அன்று. ஓடும்போதே அட்டையை மாற்ற வசதியுள்ள சர்வர்களில் செருகுவாயின் அருகே ஒரு பொத்தானும் ஒரு பச்சை விளக்கும் வைப்பதற்குத் தர நெறிமுறை இடம் தருகிறது. கழற்ற விரும்புகிறவர் பொத்தானை அழுத்துகிறார். பச்சை விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. ஐந்து விநாடி அவகாசம் உண்டு. அதற்குள் 'ஐயோ, தவறான அட்டையல்லவா!' என்று தோன்றினால், பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால் போதும்; கழற்றும் முயற்சி கைவிடப்படும். ஐந்து விநாடி கடந்தால் மின்சாரம் நிறுத்தப்பட்டு விளக்கு அணையும். அதன் பிறகே கையால் இழுக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கவனியுங்கள். கழற்றுகிறவர் அந்தப் பொறியின் முன்னால் நிற்கிறார். எந்த அட்டை என்பதைக் கண்ணால் காண்கிறார். மனம் மாற அவகாசம் இருக்கிறது. தவறிக் கழற்றிவிட்டாலும் அட்டை அவர் கையிலேயே இருக்கிறது, திரும்பச் செருகிவிடலாம். மனிதனின் தவற்றை எதிர்பார்த்து, அதை மன்னிக்கக் கற்ற வடிவமைப்பு இது.

போலி எங்கே பிழைத்தது?

இனி மெய்நிகர்ப் பொறிக்கு வருவோம். 2009இல் வெளிவந்த விஎம்வேர் பதிப்பில் மெய்நிகர் வன்பொருளின் ஏழாம் தலைமுறை அறிமுகமாயிற்று. அதில், ஓடும்போதே கருவிகளைக் கூட்டவும் கழற்றவும் வசதி செய்தார்கள். நோக்கம் நல்லதே. ஒரு சர்வருக்கு இன்னொரு நெட்வொர்க் அட்டை தேவைப்பட்டால், அதை நிறுத்தாமலே கொடுக்கலாம். நள்ளிரவில் சர்வரை அணைத்து வேலை செய்ய வேண்டியவர்களுக்கு இது பெரிய வரம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதற்காக அவர்கள் செய்தது, 'இங்குள்ள அட்டைகள் கழற்றத்தக்கவை' என்று உள்ளே ஓடும் விண்டோஸிடம் சொன்னதுதான். விண்டோஸ் தன் வழக்கப்படி, கழற்றத்தக்க கருவிகளையெல்லாம் மூலையில் உள்ள சிறு படத்தின் கீழ்ப் பட்டியலிட்டது. பென் டிரைவுக்காக ஏற்பட்ட பட்டியலில் சர்வரின் உயிர்நாடியான நெட்வொர்க் அட்டையும் வட்டுக் கட்டுப்படுத்தியும் வந்து உட்கார்ந்துகொண்டன. இருவரும் தத்தம் அளவில் சரியாகவே நடந்தார்கள். இருவரும் சேர்ந்தபோதுதான் கேடு விளைந்தது.

இவ்வடிவமைப்பில் நான் காணும் குறைகள் மூன்று.

முதற்குறை, மறுப்பு உரிமையின் கோளாறு. ஒரு கருவியைக் கழற்றுமாறு கேட்டால், விண்டோஸ் முதலில் அக்கருவியைப் பயன்படுத்துவோர் எல்லோரிடமும் 'கழற்றலாமா?' என்று கேட்கிறது. யாரேனும் ஒருவர் மறுத்தால் வேலை நின்றுவிடும். நம் உதவியாளர் முதலில் அழுத்தியது வட்டுக் கட்டுப்படுத்தி. அந்த வட்டில்தான் விண்டோஸே குடியிருக்கிறது, கோப்புகள் திறந்திருந்தன, ஆகவே மறுப்பு வந்தது. இரண்டாவதாக அழுத்திய நெட்வொர்க் அட்டையின் வழியே கல்லூரியே வந்து போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவை கோப்புகள் அல்ல, இணைப்புகள். இணைப்பு எப்போதும் அறுபடக்கூடியது என்பதால் அதற்காக யாரும் மறுப்புச் சொல்வதில்லை. அதாவது, இந்தப் பொறியமைப்பு 'தகவல் சிதையுமா?' என்று மட்டும் கேட்கிறது, 'வேலை நிற்குமா?' என்று கேட்பதில்லை. முதல் வரியில் கிடைத்த மறுப்பே உதவியாளரை ஏமாற்றியது என்பதையும் பாருங்கள். 'ஆபத்தானதைப் பொறியே தடுத்துவிடும்' என்ற பாடத்தை அது அவருக்குக் கற்பித்துவிட்டது.

இரண்டாங்குறை, அவகாசம் இல்லாமை. திரையின் அளவை விண்டோஸில் மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? 'இந்த மாற்றம் இருக்கட்டுமா?' என்று கேட்டுப் பதினைந்து விநாடி காத்திருக்கிறது. பதில் சொல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஏன்? புதிய அளவில் திரையே தெரியாமல் போனால் பயனர் எதை அழுத்திச் சரி செய்வார் என்ற முன்யோசனைதான் காரணம். ஜூனிபர் நிறுவனத்தின் நெட்வொர்க் கருவிகளிலும் இத்தகைய கட்டளை ஒன்று உண்டு. மாற்றத்தைச் செய்தபின், பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால், கருவி தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்கிறவர் தாம் வந்த வழியைத் தாமே அடைத்துவிடக்கூடும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். திரைக்குக் காட்டிய கருணையை விண்டோஸ் நெட்வொர்க் அட்டைக்குக் காட்டவில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் வந்தவர் நெட்வொர்க் அட்டையைக் கழற்றுவது, உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது ஆகும். வெட்டுகிறவரைத் தடுக்க ஒரு கேள்விகூட அங்கே இல்லை.

மூன்றாங்குறையே பெரியது. இதற்கு ஆதரவாக ஒரு வாதம் சொல்லக்கூடும். 'போபெக்கும் கோல்ட்பர்க்கும் சொன்ன முதற்பண்பின்படி, போலி அசலைப் போலவே இருக்க வேண்டும். அசல் சர்வரில் அட்டையைக் கழற்றலாம். ஆகவே போலியிலும் கழற்றலாம்' என்பது அவ்வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் உதவியாளர் கழற்றிய 'விஎம்எக்ஸ்நெட்3' என்ற அட்டை எதற்கும் போலி அன்று! உலகில் எந்தத் தொழிற்சாலையிலும் அது செய்யப்பட்டதில்லை. மெய்நிகர்ப் பொறிக்காகவே எழுதப்பட்ட, வேகம் மிகுந்த கற்பனை அட்டை அது. அதை இயக்கும் மென்பொருளுக்கும் தான் மெய்நிகர்ப் பொறியில் இருப்பது தெரியும். அசலே இல்லாதபோது அசலைப் போல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? மேலும் அசலிடமிருந்து அவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? கழற்றும் உரிமையை எடுத்துக்கொண்டார்கள். பச்சை விளக்கையும், ஐந்து விநாடியையும், பொறியின் முன் நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் விட்டுவிட்டார்கள்.

மூன்றாம் பண்பும் இங்கே பழுதாகிறது. வளங்களின் மீது தாய்ப்பொறிக்கே அதிகாரம் என்பதுதானே அப்பண்பு? குடித்தனக்காரர் தம் அறைக்குள் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தித் தெருக்கதவைச் சுவராக்கிக்கொள்ளலாம் என்றால், அது வீட்டு உரிமையாளர் அறிந்து கொடுத்த அதிகாரமா? ஆடியில் தெரியும் கதவின் கைப்பிடியை நம்மால் திருக முடியாது. இந்த ஆடியிலோ பிம்பத்தின் கைப்பிடியைத் திருகினால் உண்மைக் கதவு பூட்டிக்கொள்கிறது.

கழன்ற பின் வரும் பேய்

நெட்வொர்க் அட்டை கழன்றுவிட்டது. இனி என்ன செய்வது? சர்வரை நிறுத்தி மீண்டும் ஓட்டினால் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் அடுத்த துன்பம் தொடங்குகிறது. உள்ளிருந்து கழற்றப்பட்ட அட்டையைத் தாய்ப்பொறி தன் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறது. மறுபடி ஓட்டினாலும் அது வருவதில்லை. நிர்வாகி தாய்ப்பொறியின் வழியாகப் புதிய அட்டை ஒன்றைச் சேர்க்க வேண்டும். புதிய அட்டைக்குப் புதிய வன்பொருள் முகவரி அமைகிறது. ஆகவே விண்டோஸ் அதை வேற்று அட்டையாகவே கருதுகிறது. பழைய அட்டைக்குக் கொடுத்திருந்த ஐபி முகவரி இதற்குத் தானாக வருவதில்லை.

சரி, பழைய ஐபி முகவரியையே புதிய அட்டைக்குக் கொடுப்போம் என்று முயன்றால், 'இம்முகவரி ஏற்கெனவே மறைந்திருக்கும் வேறோர் அட்டைக்கு உரியது' என்ற பொருளில் விண்டோஸ் எச்சரிக்கிறது. எங்கே அந்த அட்டை? சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. போன அட்டையின் நினைவு விண்டோஸின் பதிவேட்டில் தங்கியிருக்கிறது. இதைத் தொழிலில் இருப்பவர்கள் 'கோஸ்ட்', அதாவது பேய் என்றே அழைக்கிறார்கள். உண்மைப் பெட்டியில் ஓடிய சர்வரை மெய்நிகர்ப் பொறியாக மாற்றும்போதும், ஒரு மெய்நிகர்ப் பொறியைப் படியெடுக்கும்போதும் இப்பேய்கள் உண்டாகின்றன.

பேயை ஓட்டும் முறை எளிது. கருவி மேலாளர் என்ற பகுதியைத் திறந்து, 'மறைந்த கருவிகளைக் காட்டு' என்று பணிக்க வேண்டும். மங்கலாகத் தெரியும் பழைய அட்டையைத் தேர்ந்தெடுத்து நீக்க வேண்டும். பழைய விண்டோஸ் பதிப்புகளில் மறைந்த கருவிகள் தெரிவதற்கு முன் ஒரு சூழல் மாறியையும் அமைக்க வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மங்கலாகத் தெரிவதெல்லாம் பேய் அன்று. நேற்றுச் செருகி இன்று வீட்டில் வைத்துவிட்டு வந்த பென் டிரைவும் அங்கே மங்கலாகவே தெரியும். நெட்வொர்க் அட்டைகள் என்ற பிரிவில் உள்ளதை மட்டும் பெயர் பார்த்து நீக்குவதே முறை.

மருந்துகளை உரைத்துப் பார்ப்போம்

நோய்க்குப் பல மருந்துகள் வழக்கில் உள்ளன. அவற்றின் தரத்தைப் பார்ப்போம்.

முதல் மருந்து, மூலையில் உள்ள சிறு படத்தையே மறைத்துவிடுவது. கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்ற பூனையின் வைத்தியம் இது. அட்டை கழற்றத்தக்கதாகவே இருக்கும். வேறு வழியாக யாரும் கழற்றலாம்.

இரண்டாவது, பதிவேட்டில் ஓர் எண்ணை மாற்றுவது. மாணவர்கள் இதை விரும்புவீர்கள், ஏனெனில் இதில் இரும எண் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் 'திறன்கள்' என்று ஓர் எண் உண்டு. அதில் 2 என்ற துண்டு இருந்தால், வெளித்தள்ளும் வசதி உண்டு என்று பொருள். 4 இருந்தால், கழற்றத்தக்கது. 16 இருந்தால், தனி அடையாளம் உடையது. ஒரு கருவிக்கு 22 என்று இருப்பதாகக் கொள்வோம். 22 என்பது 16, 4, 2 ஆகியவற்றின் கூட்டல். அதிலிருந்து 4ஐக் கழித்து 18 என்று எழுதிவிட்டால் அட்டை பட்டியலிலிருந்து மறைந்துவிடும். கணக்கு அழகானதுதான். ஆனால் சர்வர் மறுபடி ஓடத் தொடங்கும்போது விண்டோஸ் மெய்நிகர் வன்பொருளைப் புதிதாக விசாரிக்கிறது; 'கழற்றத்தக்கது' என்ற பதிலே வருகிறது; எண் மீண்டும் 22 ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மாற்றுவதற்கு ஒரு நிரல் எழுதி வைத்தவர்களும் உண்டு. ஊற்றுக்கண்ணை விட்டுவிட்டு வாய்க்காலை அடைக்கும் வேலை இது.

மூன்றாவது, ஊற்றுக்கண்ணிலேயே கை வைப்பது. மெய்நிகர்ப் பொறியை முறையாக அணைத்துவிட்டு, தாய்ப்பொறியில் உள்ள அதன் அமைப்புப் பட்டியலில் 'டிவைசஸ்.ஹாட்பிளக்' என்ற வரியைச் சேர்த்து, அதன் மதிப்பு 'பொய்' என்று எழுத வேண்டும். அதன் பிறகு விண்டோஸ் கேட்டால், 'கழற்ற முடியாது' என்றே பதில் வரும். நோய் தீர்ந்தது. ஆனால் விலை உண்டு. ஓடும்போதே நெட்வொர்க் அட்டை போன்றவற்றைக் கூட்டும் வசதியும் இதனோடு போய்விடும். கதவைத் தவறாகத் திறக்கிறார்கள் என்று கதவையே எடுத்துவிட்டுச் சுவர் வைப்பது போன்றது இது. செயலிக்கும் நினைவகத்துக்கும் தனி அமைப்பு இருப்பதால் அவை தப்பிக்கின்றன.

நான்காவது, விலையில்லாமல் கிடைக்கும் 'கேவிஎம்' என்ற லினக்ஸ் வகையில் கையாளப்படுவது. அங்கும் இதே நோய் இருந்தது. விண்டோஸை உள்ளே ஓட்டினால் அதே பட்டியலில் அதே அட்டை தோன்றும். 2020இல் அதற்கு ஒரு மாற்றம் செய்தார்கள். முழுப் பொறிக்கும் ஒரே ஆணை என்பதற்கு மாறாக, ஒவ்வொரு செருகுவாய்க்கும் தனித்தனியாக 'இதில் உள்ளது கழற்றத்தக்கது' அல்லது 'அன்று' என்று சொல்லலாம். நெட்வொர்க் அட்டை இருக்கும் வாயை மட்டும் மூடிவிட்டு, மற்றவற்றைத் திறந்து வைக்கலாம். நான்கு மருந்துகளில் இதுவே சிறந்தது என்பேன். உண்மைப் பொறியிலும் கழற்றும் வசதி செருகுவாய்க்குத்தானே உரியது? இங்கே போலி, அசலின் நல்ல குணத்தையும் கற்றுக்கொண்டது.

கழற்ற மறுக்கும் கருவி

இதுவரை கழலக் கூடாதது கழன்ற கதையைப் பார்த்தோம். இதற்கு நேர்மாறான துன்பமும் தாய்ப்பொறியில் உண்டு. கழற்ற வேண்டியது கழல மறுக்கும். நகல் எடுத்து வைக்கும் யுஎஸ்பி வட்டைக் கழற்ற முயலும்போது, 'பயன்பாட்டில் உள்ளது' என்ற ஒரே பல்லவி வரும். யார் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லாது. பலர் பொறுமையிழந்து கம்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். அது கூடாது. வட்டில் எழுத வேண்டிய தகவலில் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், வெளியிலிருந்து செருகும் வட்டுகளுக்கு உடனே எழுதும் முறையே இயல்பு நிலையாக இருக்கிறது என்பது உண்மை. ஆயினும் ஒரு மெய்நிகர்ப் பொறியின் வட்டுக்கோப்பு அதில் திறந்திருக்கும்போது பிடுங்கினால், அந்தப் பொறிக்கு அது மார்பைப் பிளப்பது போன்றது.

மறுத்தவர் யார் என்பதை விண்டோஸ் திரையில் சொல்லாவிட்டாலும், நிகழ்ச்சிப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. 'கெர்னல்-பிஎன்பி' என்ற தலைப்பில் 225 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எந்த நிரல் மறுத்தது என்ற பெயரும் எண்ணும் அதில் இருக்கும். எண் 4 என்று இருந்தால் அது விண்டோஸின் உட்கருவே. அத்தகைய நிலையில், அந்த வட்டிலுள்ள மெய்நிகர் வட்டுக்கோப்பு ஏதேனும் இணைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது நகலெடுக்கும் வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவற்றை விடுவித்து, வட்டு மேலாண்மையில் அவ்வட்டை 'ஆஃப்லைன்' ஆக்கினால், அதன் பிறகு அச்சமின்றிக் கழற்றலாம்.

கேவிஎம்மில் வேறொரு வேடிக்கை உண்டு. தாய்ப்பொறியிலிருந்து 'இக்கருவியைக் கழற்று' என்று ஆணையிட்டால், அது ஆணை அன்று, வேண்டுகோள். உள்ளே ஓடும் இயக்க அமைப்பு ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். அது இன்னும் முழுமையாக ஓடத் தொடங்கவில்லை என்றால் வேண்டுகோள் காற்றில் போய்விடும். முன் சொன்ன ஐந்து விநாடிப் பொத்தானை அப்படியே பின்பற்றும் அமைப்பில், ஒன்றும் நடக்கவில்லையே என்று நிர்வாகி அவசரப்பட்டு இரண்டாம் முறை ஆணையிட்டால் என்ன ஆகும்? பொத்தானை இரண்டாம் முறை அழுத்தியதாகக் கொண்டு, உள்ளிருக்கும் அமைப்பு முதல் வேண்டுகோளையே கைவிட்டுவிடும்! அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதைக் கணிப்பொறியும் மெய்ப்பிக்கிறது. கழற்றியாயிற்று என்ற செய்தி வரும்வரை காத்திருப்பதே இதற்கு வழி.

யாருக்கு மெமோ?

வாசகர்களே, இனி வழக்கை முடிப்போம். உதவியாளர் குற்றமற்றவரா? முழுவதும் அல்ல. இரண்டாம் வரியில் 'ஈதர்நெட்' என்ற சொல் இருந்தது. நின்று படித்திருக்கலாம். அன்றாட வேலைக்கும் நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு நுழையும் வழக்கத்தைக் கல்லூரியும் தவிர்த்திருக்கலாம். ஆனால் பட்டியலை வைத்தவர்கள் யார்? பென் டிரைவையும் சர்வரின் உயிர்நாடியையும் ஒரே தட்டில் பரிமாறியவர்கள் யார்? திரைக்குக் கொடுத்த பதினைந்து விநாடியை இங்கே கொடுக்க மறந்தவர்கள் யார்? ஆயிரம் கல்லூரிகளில் ஆயிரம் பேர் அதே இடத்தில் அமர்ந்தால், அவர்களில் சிலர் அதே வரியை அழுத்தத்தான் செய்வார்கள். எத்தனை பேர் செய்தாலும் ஒரே மாதிரி நேரும் பிழையை, ஆய்வுக்கூடத்தில் நாம் என்னவென்று சொல்கிறோம்? கருவிப்பிழை என்கிறோம். திருகு அளவியில் சுழிப்பிழை இருந்தால், அளந்த மாணவனைத் திட்டுவதில்லை. பிழையைக் கணக்கிட்டுத் திருத்துகிறோம்.

அந்தக் கல்லூரியில் அமைப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இனி அங்கு யாரும் அட்டையைக் கழற்ற முடியாது. ஐந்து நிமிட வேலை. மெமோ மட்டும் உதவியாளரின் பணிப்பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. கணிப்பொறியின் பதிவேட்டிலிருந்து பேயை நீக்க வழி கண்டவர்கள், அதையும் நீக்க வழி காண வேண்டும்.

நீங்கள் நாளை ஒரு கருவியையோ நிரலையோ வடிவமைக்கும் நிலைக்கு வரக்கூடும். ஒவ்வொரு பொத்தானை வைக்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை அழுத்துகிறவர் எங்கே இருக்கிறார்? அழுத்தியபின் மனம் மாறினால் என்ன செய்வார்? திரும்பி வரும் வழி அவருக்கு இருக்கிறதா? யுஎஸ்பி செருகியில் ஒரு மில்லிமீட்டர் தகட்டை நீட்டியவர்கள் இக்கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் அதை நாள்தோறும் கோடிக்கணக்கான மக்கள் செருகுகிறார்கள், கழற்றுகிறார்கள். யாரும் மெமோ வாங்குவதில்லை.